நாலில் ஒன்றைத் தட்டுவது (கடிதம்)

அன்புள்ள ஐயா,

டேப்லெட் வகுப்புகளைக் கிண்டல் செய்து நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். ‘திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிய பிள்ளைக்குத் தெரிந்தது, கண்ணாடியைத் தடவும் பிள்ளைக்குத் தெரியவில்லை’ என்று முடித்திருந்தீர்கள். நான் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்களுக்கு நன்கொடையாக இருபது டேப்லெட் வந்தது. அதிலிருக்கும் செயலியை வைத்து ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினேன். பீட்சாவை வெட்டிக் காட்டுகிறது, நடுநடுவே கரடி ஆடுகிறது, பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பாடம் முடிந்ததும் வரும் கேள்விகளில் எல்லாரும் தொண்ணூறுக்கு மேல். ஆனால் காலாண்டுத் தேர்வில் பாதிப் பேர் 1/2ஐயும் 1/3ஐயும் கூட்டி 2/5 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தவறு என்னுடையதா, கருவியுடையதா? நீங்கள் சொல்வதுபோல எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட வேண்டியதுதானா?

இசக்கியம்மாள்

அன்புள்ள இசக்கியம்மாள் டீச்சர் அவர்களுக்கு,

அந்தக் கடைசி வரியைக் கோபத்தில் எழுதினேன். திண்ணைப் பள்ளியை அவ்வளவு தூக்கிப் பிடித்திருக்க வேண்டாம். கோதண்டம் போட்டுப் பிள்ளைகளைத் தொங்கவிட்டதும் அங்கேதான். ‘முந்திரி என்றால் 320ல் ஒன்று’ என்று அந்தக் காலத்துப் பின்னப் பெயர்களை எண்சுவடியிலிருந்து ஒப்பித்த எல்லாருக்கும் அதன் பொருள் விளங்கியிருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் முன் சுவடியை மூடிவிட்டு, படித்ததைச் சட்டாம்பிள்ளையிடம், அதாவது வாத்தியாருக்கு உதவியாக இருந்த மூத்த மாணவனிடம், ‘முறை’ சொல்ல வேண்டும். கையில் ஏடு கிடையாது, எல்லாம் நினைவிலிருந்துதான் வர வேண்டும். உங்கள் செயலியில் இல்லாதது அதுதான் என்று நினைக்கிறேன்.

முக்கூடலில் என் தங்கை மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒன்றைப் பார்த்தேன். அவள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகன் டேப்லெட்டும் கையுமாக. “ஒரு மணி நேரமாகப் படிக்கிறான் மாமா” என்றாள் பெருமையாக. நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கேள்வியை அவன் வாசிக்கவே இல்லை. முதல் விடையைத் தட்டினான், சிவப்பு. இரண்டாவது, சிவப்பு. மூன்றாவது பச்சை. நட்சத்திரம் ஒன்று பறந்து வந்து உட்கார்ந்தது. அடுத்த கேள்வி. பீடிக்கட்டு ஏறிய வேகத்துக்கு நட்சத்திரமும் ஏறியது.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் சாமர்த்தியம் மட்டுமல்ல. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ரயன் பேக்கரும் அவரோடு இருந்தவர்களும் கணக்குக் கற்பிக்கும் மென்பொருளோடு உட்கார்ந்த மாணவர்களைக் கவனித்து 2004ல் எழுதினார்கள். விடையைத் தட்டித் தட்டிப் பார்ப்பதும், உதவிப் பொத்தானை அமுக்கி அமுக்கி விடையையே வரவழைப்பதுமாக இருந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடத் தெளிவாகவே குறைவாகக் கற்றிருந்தார்கள்.

இனி உங்கள் தொண்ணூறுக்கு வருகிறேன். 2006ல் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதி மாணவர்கள் ஒரு உரைநடைப் பகுதியை நான்கு தடவை படித்தார்கள். வேறொரு பகுதியினர் ஒரு தடவை மட்டும் படித்துவிட்டு, அடுத்த மூன்று தடவையும் தாளை மூடி, நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு தடவை படித்தவர்கள் 83 விழுக்காடு சொன்னார்கள், மூடி எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கதை தலைகீழ். படித்தவர்களிடம் மிஞ்சியது 40, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இன்னொரு வேடிக்கை, ஒரு வாரத்துக்குப் பிறகு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் அந்த நான்கு தடவை படித்தவர்கள்தான். பழகிப்போன வரியைக் கண் பார்க்கும்போது ‘இது எனக்குத் தெரியும்’ என்று மனம் சொல்லிவிடுகிறது.

பாடம் முடிந்த கையோடு உங்கள் செயலி கேட்பது அந்த ஐந்தாம் நிமிடத்துக் கேள்வி. காலாண்டுத் தேர்வு கேட்டதோ மாதம் கழித்து. அந்தத் தொண்ணூறை நம்பியதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. விற்கிறவர்கள் பெரிதாகக் காட்டுவதும் அந்த எண்ணைத்தான். கரடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பாடத்துக்குச் சம்பந்தமில்லாத படமும் பாட்டும் கற்றலைக் கெடுக்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளில் காட்டிவிட்டார். மூன்றில் ஒன்றைக் காட்டப் பீட்சாவும் வேண்டாம். மூன்று கண்ணுள்ள நுங்கை நம் பக்கத்தில் எந்தப் பிள்ளைக்குத் தெரியாது?

பூட்டி வைக்க வேண்டுமா என்றால், வேண்டாம். டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைக் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், கனிமியன் மூவரும் சோதித்தார்கள். 619 மாணவர்களைக் குலுக்கல் போட்டுப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பள்ளி நேரத்துக்குப் பிறகு அந்த மென்பொருளை வைத்துக் கற்பிக்கும் மையத்தில் இடம் கொடுத்தார்கள். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். 2019ல் வெளிவந்த அந்த ஆய்வில் என்னை நிறுத்தியது வேறொரு செய்தி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள், ஒன்பதாம் வகுப்பில் இது நாலரை வகுப்பு. மென்பொருள் முதலில் ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அங்கிருந்து தொடங்கியது. எந்த மாதிரியான தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்பதையும் பார்த்தது. திரைக்கு நாற்பத்தைந்து நிமிடம் என்றால், ஆசிரியரோடு சிறு குழுவாக உட்காரவும் நாற்பத்தைந்து நிமிடம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உங்கள் 2/5. அந்தப் பிள்ளைக்குப் பின்னம் மறந்துபோகவில்லை. மேலுள்ளதை மேலோடும் கீழுள்ளதைக் கீழோடும் கூட்டுகிறது. பின்னத்தை அது ஒற்றை எண்ணாகப் பார்க்கவே இல்லை. பாதியோடு இன்னும் கொஞ்சத்தைச் சேர்த்தால் பாதியைவிடக் குறைவாக வருமா என்று யாராவது உட்கார வைத்துக் கேட்க வேண்டும். ‘தவறு, மீண்டும் முயல்க’ என்ற சிவப்புக் கட்டத்துக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும். வெறுமனே கருவியைக் கையில் கொடுத்ததன் பலனை அறியப் பெரு நாட்டைப் பாருங்கள். கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் ஆராய்ந்தபோது கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் அசையவே இல்லை.

என் யோசனை இது. அடுத்து வரும் பாடங்களைச் சீட்டு எழுதிக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை இப்போது நடத்துகிறபடியே நடத்துங்கள். மறு பாதியில், திரையை அணைத்ததும் ஐந்து கேள்வி, வெற்றுத்தாளில், விடைக்குக் கட்டம் கிடையாது. அதே பாடத்திலிருந்து மூன்று நாள் கழித்து மறுபடி ஐந்து. மதிப்பெண் போட வேண்டாம், பிள்ளைகள் பயந்துவிடும். சரியான விடையை மட்டும் உடனே சொல்லிவிடுங்கள். மாதக் கடைசியில் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரே தேர்வு வைத்து, இரண்டு பாதியையும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். ஒரு வகுப்பை வைத்துப் பெரிய முடிவு எதுவும் எடுக்க முடியாது. ஆனால் செயலி காட்டும் தொண்ணூறைவிட நம்பத்தக்க எண் ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

ஐப்பசி மழைக்குப் பள்ளி விடுமுறை விடுவதற்குள் தொடங்கிவிட்டால் நல்லது. கணக்கு நான் சொன்னதற்கு மாறாக வந்தாலும் எழுதுங்கள், அதையும் இதே இடத்தில் வெளியிடுகிறேன். முக்கூடல் பையனிடம் நான் வெற்றுத்தாளை நீட்டியபோது, “இதில் எங்கே தட்டுவது தாத்தா?” என்றுதான் கேட்டான்.