ஆர்ட் டெக்கோ பாணிக் கடற்கரை ஹோட்டல்களின் கட்டட அமைப்பில் என்ன சிறப்பு?

ஆர்ட் டெக்கோ என்பது 1920, 30-களில் பரவிய கட்டட, அலங்காரப் பாணி. இங்கிலாந்தின் மோர்கம்ப் என்னும் கடற்கரை ஊரில் உள்ள மிட்லண்ட் ஹோட்டலை முன்வைத்து இக்கேள்விக்கு விடை சொல்வது எளிது. ரயில்வே நிறுவனம் ஒன்றுக்காகக் கட்டடக் கலைஞர் ஆலிவர் ஹில் வடிவமைத்து 1933-இல் திறக்கப்பட்ட இந்த மூன்று மாடி வெண்ணிறக் கட்டடம், கரையோரச் சாலையின் வளைவை ஒட்டியே வில்போல வளைந்து, தன் புடைத்த பக்கத்தைக் கடலுக்கும் உட்குழிந்த பக்கத்தை ரயில் நிலையம் இருந்த திசைக்கும் காட்டி நிற்கிறது. எனவே, இந்த வளைவை வெறும் அலங்காரமாகக் கருதக் கூடாது. கடலைப் பார்த்த அறைகளுக்கு விரிகுடாவின் அகன்ற காட்சியைத் தருவதே அது.

வாசலுக்கு மேல் எழும் கோபுரத்தினுள் சுழற்படிக்கட்டு ஏறுகிறது. கோபுரத்தின் உச்சியில், சிற்பி எரிக் கில் செதுக்கிய இரண்டு கல் கடற்குதிரைகள் உள்ளன. படிக்கட்டின் மேற்கூரையில் அவரே கடல் தெய்வங்களின் வட்டச் சிற்பத்தையும் அமைத்தார். கட்டடக் கலைஞரும் சிற்பியும் இப்படித் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து உழைத்ததுதான் இக்கட்டடத்தின் உயிர் என்பேன். தேநீர்க் கூடத்தில் ஓவியர் எரிக் ரவிலியஸ் தீட்டிய சுவரோவியமோ, சுவர்ப் பூச்சின் ஈரம் முழுமையாகக் காயாததால், சில ஆண்டுகளிலேயே உதிர்ந்து அழிந்துபோனது. நெடுங்காலம் சீரழிந்து கிடந்த ஹோட்டல், புதுப்பிக்கப்பட்டு 2008-இல் மீண்டும் திறக்கப்பட்டது.