38 புள்ளிக் கத்தோலிக்கர்

கேள்வி: இணையத்தில் "நீங்கள் எவ்வளவு பாரம்பரியமான கத்தோலிக்கர்?" என்று ஒரு பரீட்சை. ஆங்கிலத்தில் 25 கேள்வி. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் மகன் அனுப்பினான். மகள் வாசித்துச் சொல்லச் சொல்ல நான் பதில் குத்தினேன். அவனுக்கு 91, எனக்கு 38. "மாமி, நீங்கள் அரைப் புரட்டஸ்தாந்து" என்று குடும்ப வட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். எனக்கு வயது 61. அம்மா சொல்லித்தந்த நாளிலிருந்து செபமாலை விட்டதில்லை. மடு மாதா கோயிலுக்கு ஆடியும் ஆவணியும் போகிறேன். எங்கே பிழை விட்டேன்? கேள்விகளையும் என் பதில்களையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.
— வாசகி, முருங்கன்

பதில்: பிழை உங்களிடம் இல்லை அம்மா, கணக்கில் இருக்கிறது. உங்கள் படங்களை வைத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தோம்.

ஒரு கேள்விக்கு உச்சம் 4, ஆக மொத்தம் 100. அதில் 6 கேள்வி இலத்தீன் பூசை பற்றியது: மாதத்தில் எத்தனை தரம் போகிறீர்கள், எத்தனை மைல் ஓடிப் போவீர்கள், இப்படி. 3 கேள்வி உங்கள் அலுமாரியில் என்ன இருக்கிறது என்பது: 1962ஆம் ஆண்டுப் பூசைப் புத்தகம், இலத்தீன் கட்டளைச் செபம் (குருமார் நாளாந்தம் சொல்லும் செபப் புத்தகம்), பழைய ஆங்கில ஞானோபதேசம். 4 கேள்வி, 1962–65இல் கூடிப் பூசையைத் தாய்மொழியில் சொல்ல வழிவிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைப் பற்றியும் அதற்குப் பின்வந்த பாப்பரசர்களைப் பற்றியும் உங்கள் "நிலைப்பாடு". இந்த 13க்கும் நீங்கள் "இல்லை" அல்லது "தெரியாது" குத்தியிருக்கிறீர்கள். நேர்மையான பதில். பரீட்சை அத்தனைக்கும் சுழியம் போட்டது. 13ஐ 4ஆல் பெருக்கினால் 52. முருங்கனில் பிறந்த குற்றத்துக்கே 52 போய்விட்டது. எஞ்சிய 48இல் நீங்கள் எடுத்தது 38. அது நூற்றுக்கு 79.

"தெரியாது", "எனக்குப் பொருந்தாது" என்ற பதில்களை ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்கு வீதம் போடுவதுதான் முறை. எந்தப் பரீட்சையையும் நம்ப முன்னர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம்: எல்லாவற்றுக்கும் "தெரியாது" குத்துங்கள். ஒழுங்கான பரீட்சை என்றால் கணிக்க முடியவில்லை என்று சொல்லும். நீங்கள் அனுப்பிய கடைசிப் படத்தில் உள்ள பட்டியலைப் பாருங்கள், 20க்குக் கீழே எடுத்தவர் "நவீனவாதி". நவீனவாதம் என்பது, மறையுண்மைகள் காலத்தோடு மாறும் என்கிறது என்று 1907இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் சுற்றுமடல் எழுதிக் கண்டித்த கொள்கை. அதில் விழுவதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும். ஒன்றும் தெரியாது என்று சொன்னவரை அதில் தள்ளுவது, பள்ளிக்கூடமே போகாதவரைப் புத்தகம் திருடினார் என்று பிடித்த மாதிரி.

சரி, அந்த 48இல் போன 10 புள்ளிக்கு வருவோம். இதில் 2 மட்டும் நியாயமாகப் போனது. அதை மறைக்க மாட்டோம்.

வெள்ளிக்கிழமை இறைச்சி ஒறுத்தல் தவக்காலத்துக்கு மட்டும் என்று நினைத்து "சில வேளை" குத்தியிருக்கிறீர்கள். திருச்சபைச் சட்டம் 1251ஆம் பிரிவின்படி ஆண்டின் எல்லா வெள்ளியும் ஒறுத்தல் நாள்தான், பெருவிழா வந்து விழுந்தால் ஒழிய. ஆயர் பேரவை இதற்குப் பதிலாக வேறு தவமுயற்சியை விதிக்கலாம் என்று 1253ஆம் பிரிவு இடம் விடுகிறது. உங்கள் பங்குச் சுவாமியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 14 வயது முடிந்தவர் எல்லோரையும் இது சாகும்வரை கட்டும். ஒருசந்தி, அதாவது ஒருவேளை முழுச் சாப்பாட்டோடு நிற்பது, வேறு கணக்கு. 18இல் தொடங்கி 59 முடிந்ததோடு அந்தக் கடமை தீர்கிறது. விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் நீங்கள் ஒருசந்தி பிடிப்பது இப்போது உங்கள் விருப்பம்.

இதே கேள்வியில் இன்னொரு வேடிக்கை. சட்டம் தடுப்பது இறைச்சியை மட்டும். மீன், முட்டை, பால் தடையில்லை. ரொறன்ரோவில் வெள்ளி இரவு சமன் மீன் பொரித்துச் சாப்பிடுகிறவருக்கு முழுதாக 4 புள்ளி. பேசாலையில் நண்டுக்கறி வைத்தாலும் 4தான், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நம் வீடுகளில் தவக்காலம் என்றால் மச்சச் சட்டியே அடுப்பில் ஏறாது. பருப்பும் முருங்கையிலையும்தான். 40 நாள் மீனையும் விட்டவருக்கு அந்தத் தாளில் குத்தக் கட்டமே இல்லை.

அடுத்த 4 செபமாலையில் போயிருக்கிறது. வியாழன்களில் ஒளியின் தேவஇரகசியங்களைச் சொல்வீர்களா என்று கேட்டார்கள், "ஆம்" என்றீர்கள், சுழியம். அவற்றை 2002 ஒக்டோபரில் சேர்த்தவர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர். சொல்வதும் விடுவதும் அவரவர் சுதந்திரம் என்று அவற்றைச் சேர்த்த மடலிலேயே எழுதியிருக்கிறார். பாப்பரசர் விட்ட சுதந்திரத்துக்கு இந்தப் பரீட்சை தண்டம் அறவிடுகிறது. கடைசி 4 உங்கள் கோயில் ஆர்மோனியத்துக்கு. கேள்வியில் இருந்த தெரிவு இரண்டே இரண்டு, கிரகோரியன் இசை என்ற பழைய இலத்தீன் பாட்டு முறை அல்லது கித்தார். வத்திக்கான் சங்கம் கிரகோரியன் இசைக்கு முதலிடம் கொடுத்தது உண்மை. அதன் வழிபாட்டுச் சாசனம் 116ஆம் எண். மூன்று எண் தள்ளி 119இல், தமக்கென இசை மரபுள்ள மக்களுக்கு அந்த மரபு மதிக்கப்பட வேண்டும் என்றும் இருக்கிறது. பரீட்சை போட்டவர் முதலாவதோடு புத்தகத்தை மூடிவிட்டார் போலும்.

முக்காட்டில் முழுப் புள்ளி வாங்கியிருக்கிறீர்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1262ஆம் பிரிவு பெண்கள் தலையை மூட வேண்டும் என்றது. லேசுத் துணி, ஸ்பானிய வேலைப்பாடு என்று எதுவும் அதில் இல்லை. சேலை முந்தானை அந்தக் காலத்திலும் போதும். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. வழக்கமாக வைத்திருப்பதை யாரும் தடுக்கவும் இல்லை. நாவில் நன்மை (நற்கருணை) வாங்கும் உரிமையும் எவருக்கும் எப்போதும் உண்டு என்று உரோமை 2004இல் மறுபடி எழுதி வைத்திருக்கிறது.

இனி அந்த 1962. பரீட்சை போட்டவருக்குப் பாரம்பரியம் என்றால் அந்த ஆண்டுப் புத்தகம். அது ஐந்தாம் பத்திநாதர் 1570இல் வெளியிட்ட நூலின் கடைசிப் பதிப்பு. ஆனால் அதிலுள்ள பெரிய வாரச் சடங்குகள் 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் திருத்தியவை. 62இல் அவற்றுக்கு வயது ஏழு. 1570இலும்கூட, 200 ஆண்டுக்கு மேல் வழங்கிவந்த வேறு முறைகளை விட்டுவைத்தார் ஐந்தாம் பத்திநாதர். பழமையைத் தேடுகிறவர்கள் அவரைவிடக் கண்டிப்பாக இருப்பது ஏன் என்று தெரியவில்லை. இலத்தீன் பூசையில் பற்று வைப்பது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. 2007இல் பதினாறாம் ஆசீர்வாதப்பர் அதற்குத் தாராளமாகக் கதவு திறந்தார், 2021இல் பிரான்சிஸ் பாப்பரசர் ஆயர்களின் அனுமதி வேண்டும் என்று அந்தக் கதவை ஒடுக்கினார். ஆகவே அண்ணன் மகன் எங்கே பூசைக்குப் போகிறார் என்பது அவருக்கும் அவர் ஆயருக்கும் உள்ள விஷயம். மன்னார் மறைமாவட்டத்து மாமியின் விசுவாசத்தை அதை வைத்து அளப்பதுதான் பொருந்தவில்லை.

ஏனென்றால் இந்தக் கரையின் செபம் அந்தப் புத்தகத்தைவிட மூத்தது. சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த கையோடு, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம் என்று தமிழில் பெயர்க்க வைத்து, தானும் பாடமாக்கி, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவர் அனுப்பிய குரு மன்னாரில் ஞானஸ்நானம் கொடுத்தார். 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் வாளுக்கு இரையானவர்கள் அந்தப் புதுக் கிறிஸ்தவர்கள், 600 பேர்வரை என்பது வழிவழி வந்த கணக்கு. 1570ஆம் ஆண்டுப் புத்தகத்துக்கு வழிவைத்த திரிதெந்தீன் சங்கம் கூடியதே அடுத்த வருசம், 1545இல். பூசை அப்போதும் இலத்தீனில்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த 600 பேரையும் உட்கார்த்தி இந்த 25 கேள்வியைக் கொடுத்தால் அலுமாரிக் கேள்வி மூன்றிலும் சுழியம். வத்திக்கான் சங்கத்தைப் பற்றிய நாலிலும் சுழியம்.

ஒல்லாந்தர் 1658இல் மன்னாரைப் பிடித்தார்கள். குருமாரை விரட்டினார்கள். கோவாக் குருவான யோசவ் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது 1687இல். இடையில் 29 வருசம். மூப்பரும் வீட்டுப் பெரியவர்களும் செபத்தைக் காத்தார்கள். மாந்தையிலிருந்து 20 குடும்பம் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தது அந்த இடைக்காலத்தில்தான் என்பது மடுவின் மரபு. "கடந்த ஆண்டில் எத்தனை ஞாயிறு பூசை தவறினீர்கள்?" என்ற 19ஆவது கேள்விக்கு அவர்கள் என்ன குத்துவார்கள்? இடப்பெயர்வு வருசங்களில் நீங்களே என்ன குத்தியிருப்பீர்கள்? பூசைக்கு வழியே இல்லாதபோது தனியாகவோ குடும்பமாகவோ செபத்தில் நேரம் செலவிடும்படி 1248ஆம் பிரிவு சொல்கிறது. தறப்பாள் கொட்டிலுக்குள் சொன்ன செபமாலை அந்தப் பிரிவுக்குள் வரும், இந்தப் பரீட்சைக்குள் வராது.

மருமகனுக்குப் பதில் எழுதத்தான் வேண்டும் என்றால் ஒரே கேள்வி போடுங்கள்: ஆடி (யூலை) 2ஆம் திகதி என்ன திருநாள்? இப்போதைய நாட்காட்டியில் தேடினால் கிடைக்காது. மாதா எலிசபெத்தம்மாளைச் சந்தித்த திருநாளை 1969ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வைகாசி (மே) 31க்கு மாற்றிவிட்டார்கள். அவர் வைத்திருக்கும் 1962ஆம் ஆண்டுப் புத்தகத்தைப் புரட்டினால் ஆடி 2இல் அப்படியே இருக்கும். மடு மாதாவுக்கு 1924இல் முடிசூட்டியது அந்த நாளில். இன்றும் ஆடித் திருவிழா அந்த நாளில்தான். அவர் அலுமாரியில் வைத்திருக்கும் நாட்காட்டிக்கு நீங்கள் வருசாவருசம் பாயும் சட்டியும் கட்டிக்கொண்டு போய் வருகிறீர்கள்.

இன்னொன்று. உங்கள் மூன்றாவது படத்தில், முடிவைக் காட்ட முதல் மின்னஞ்சல் முகவரியும் முகநூல் அனுமதியும் கேட்டிருக்கிறார்கள். பெயர், சமயம், வயது, நாடு எல்லாம் ஒரே இடத்தில் யாரோ ஒருவர் கையில். மகளிடம் சொல்லி முகநூல் அமைப்புகளுக்குள் "ஆப்ஸ் அன்ட் வெப்சைட்ஸ்" பகுதியைத் திறந்து, அந்தப் பரீட்சையின் பெயரைக் கண்டுபிடித்து நீக்கச் சொல்லுங்கள். நீக்கும்போது அது உங்கள் பெயரில் போட்ட பதிவுகளையும் அழிக்கவா என்று கேட்கும். அந்தக் கட்டத்திலும் சரி போடுங்கள், 38ம் அதோடு போய்விடும்.