மகள் கேட்பது திரையுள்ள டேப்லெட். முதலில் வாங்க வேண்டியது எது?

டிஜிட்டல் ஓவியம் வரைய, கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும் பலகையான டேப்லெட், அதுவும் திரையுள்ளதுதான் வேண்டும் என்று மகள் அடம்பிடிப்பதாகச் சொன்னீர்கள். அது இல்லாமல் டிஜிட்டல் ஓவியத் துறைக்குள் நுழையவே முடியாதா என்றும் கேட்டீர்கள். தாராளமாக முடியும். ஆள் எடுப்பவர்கள் புரட்டிப் பார்ப்பது வரைந்து வைத்திருக்கும் படங்களை. எதில் வரைந்தாய் என்ற கேள்வி, வந்தாலும் கடைசியில்தான் வரும்.

முதலில் திரை இல்லாத டேப்லெட்டையே வாங்கிக் கொடுங்கள். கை மேசையில் ஓடும், கண் கணினித் திரையில் இருக்கும். ஆரம்பத்தில் எரிச்சல்தான்: கோடு கோணும், வட்டம் முட்டையாகும். வாங்கியதே தண்டம் என்று அவளே சொல்லக்கூடும். சில வாரம் தினமும் வரைந்தால் பழகிவிடும். மவுஸ் பிடிக்கும்போது நாம் கையையா பார்க்கிறோம்? கழுத்தைக் குனிய வேண்டியதில்லை என்பது உபரி லாபம்.

பலர் கோட்டை விடுவது அளவில். 6 × 4 அங்குல டேப்லெட்டில் மொத்தத் திரையும் ஓர் அஞ்சலட்டைக்குள் அடங்கிவிடும். பேனா இம்மியளவு நகர்ந்தால் கோடு எங்கோ போய் நிற்கும், மணிக்கட்டும் வலிக்கும். 10 × 6 அங்குலம் இருந்தால் முழங்கையை வீசி வரையலாம். பேனாவின் அழுத்தத்தை எத்தனை படிகளாகப் பிரித்தறியும், 4096-ஆ 8192-ஆ என்பதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள், கைக்கு வித்தியாசம் தெரியாது. சார்ஜ் தேவைப்படாத பேனாவா, தேய்ந்தால் மாற்ற நிப் தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.

மென்பொருளுக்கு கிரிட்டா போதும். ஓவியம் வரைவதற்கென்றே உருவானது, இலவசம், ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பாகவும் சேமிக்கும். காமிக்ஸ்தான் ஆசை என்றால் பின்னால் கிளிப் ஸ்டுடியோவைப் பார்க்கலாம். புரோகிரியேட் என்ற ஓவியச் செயலி ஆப்பிள் கருவியில் மட்டுமே ஓடும். அதைக் கேட்டால் ஐபேடையும் சேர்த்துக் கேட்கிறாள் என்று அர்த்தம்!

மிச்சமாகும் பணத்தைக் கணினியின் ரேமில் போடுங்கள். அச்சுத் தரத்தில் ஓர் ஏ4 படம் 2480 × 3508 பிக்சல். அதில் ஒரு லேயருக்கே, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையும் அடுக்கு ஒன்றுக்கே, சுமார் 35 எம்பி ஆகும். முப்பது லேயர் போட்டால் 1 ஜிபியைத் தாண்டும். 4 ஜிபி ரேம் திணறும். 8 இருந்தால் சமாளிக்கலாம், 16 நிம்மதி.

அப்புறம் ஒன்று. முதல் நாளே பேனா அழுத்தம் வேலை செய்யவில்லை என்று வந்து நின்றால் பதறி டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பழைய டேப்லெட் டிரைவர் (டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) ஏதாவது இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். கிரிட்டாவின் டேப்லெட் அமைப்பில் பேனாவின் அசைவைக் கணினி வாங்கிக்கொள்ளும் இரு வழிகளான வின்டேப், விண்டோஸ் இங்க் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கட்டும், ஒவ்வொரு முறையும் கிரிட்டாவை மூடித் திறந்து.