வெளியுறவு ஆலோசகர் என்பவர் யார்? அந்தப் பணிக்கு எப்படி வருகிறார்கள்?

பிற நாடுகளோடு பேசும் முன், எதைச் சொல்லலாம், எதை விழுங்கிவிடலாம் என்று நாட்டின் தலைவர் காதில் சொல்பவர்தான் வெளியுறவு ஆலோசகர். தூதரகங்களிலிருந்து இரவெல்லாம் வந்து குவியும் தகவல்களைக் காலைக் கூட்டத்துக்குள் ஓரிரு பக்கமாகச் சுருக்கித் தருவது அன்றாட வேலை.

ஏன் தனியாக ஒருவர்? அமைச்சகம் தன் துறைக் கண்ணோடு பார்க்கும். ராணுவம் தன் கண்ணோடு. இரண்டையும் எடைபோட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். காரில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்ந்து வழி சொல்பவரைப் போல. ஸ்டீயரிங் அவர் கையில் இல்லை.

இதற்கென்று தேர்வு எதுவும் பொதுவாகக் கிடையாது. தூதராகவோ ராணுவ அதிகாரியாகவோ இருந்தவர்கள் வருவதுண்டு. ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி கிஸ்ஸிஞ்சர் 1969-இல் அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகரானார். 1971 ஜூலையில், பாகிஸ்தானில் வயிற்றுக் கோளாறு என்று சொல்லிவிட்டு ரகசியமாகப் பெய்ஜிங் பறந்தார் (நல்ல நடிப்புதான்!). 1973-இல் வெளியுறவு அமைச்சரும் ஆனார். என்னைக் கேட்டால், படிப்பைவிடத் தலைவரின் நம்பிக்கையே பெரிய தகுதி. அவர் பதவி போனால் பெரும்பாலும் இவருடையதும் போகும்.

ஆலோசகரும் தூதரும் ஒன்றே எனப் பலர் நினைக்கிறார்கள். தூதர் வெளிநாட்டில் தம் நாட்டின் பிரதிநிதி, ஆலோசகரின் நாற்காலியோ தலைவரின் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது.