கூத்துப் பள்ளிக்குச் சொத்து எழுதி வைக்க நாமினி போட்டால் போதுமா?

கேள்வி: எனக்கு 71 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியை. கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகளுக்குத் தெருக்கூத்து சொல்லித்தரும் ஒரு அறக்கட்டளைக்கு என் காலத்துக்குப் பிறகு 10 லட்ச ரூபாய் ஃபிக்சட் டெபாசிட்டும் கிராமத்து வீடும் போய்ச் சேர வேண்டும். மகன், மகள் இருவருக்கும் ஆட்சேபம் இல்லை. வங்கியில் நாமினி போட்டால் போதுமா?

போதாதும்மா. வங்கி டெபாசிட்டுக்குத் தனிமனிதரைத்தான் நாமினியாக ஏற்பார்கள், அறக்கட்டளையைப் போட முடியாது. அப்படியானால் செயலாளர் பெயரைப் போட்டுவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவரிடம் சேர்க்க வேண்டிய ஆள், அவ்வளவுதான். உரியவர் யார் என்பதை உங்கள் உயில் சொல்ல வேண்டும், உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டம் சொல்லும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். சாட்சி அறக்கட்டளையைச் சேர்ந்தவராக இல்லாமல் இருப்பது நல்லது, பின்னால் யாரும் வாய் திறக்க இடம் இருக்காது.

உயிலில் எழுதும் வாசகத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். 'எங்கள் ஊர் கூத்துப் பள்ளிக்கு' என்று எழுதினால் நாளைக்கு இரண்டு குழுக்கள் வந்து நிற்கும். அறக்கட்டளைப் பத்திரத்தில் உள்ள முழுப்பெயர், பதிவு எண், பான் எண் மூன்றையும் கேட்டு வாங்கி அப்படியே எழுதுங்கள். அறக்கட்டளைகளுக்கான வருமான வரி விலக்குப் பதிவு (1961 சட்டத்தில் 12ஏபி) இருக்கிறதா, வருடா வருடம் தணிக்கை செய்கிறார்களா என்றும் கேளுங்கள், அதற்குச் சங்கடப்பட வேண்டியதில்லை. அப்புறம், டெபாசிட் ரசீது எண்ணைக் குறிப்பிட்டு 'அந்த டெபாசிட்' என்று எழுதாதீர்கள். இடையில் மருத்துவச் செலவுக்கு அதை உடைத்துவிட்டால் கொடைக்கு அடிப்படையே இல்லாமல் போய்விடலாம். 'என் வங்கிக் கணக்குகளில் உள்ள பணத்திலிருந்து 10 லட்சம்' என்பது பாதுகாப்பு. அந்த அமைப்பு அப்போது இயங்காமல் போயிருந்தால் அதே நோக்கமுள்ள எந்த அமைப்புக்குப் போக வேண்டும் என்றும் ஒரு வரி வேண்டும்.

நிபந்தனை போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். கர்நாடக இசைப் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் 1949-ல் எழுதிய உயிலில் தன் சொத்தைத் திருவையாறு தியாகராஜர் சமாதிக்கே விட்டுச் சென்றபோது, பெண்கள் அங்கே வழிபடவும் பாடவும் தடை இருக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தார். அதுபோல ஒரு கொள்கையைச் சொல்லுங்கள். ஆனால் 'ஆண்டுதோறும் பங்குனியில் பத்து நாள் பாரதக் கூத்து நடத்த வேண்டும்' என்ற மாதிரி இறுக்கிக் கட்டினால், செலவு கூடும் காலத்தில் அவர்கள் கை கட்டப்பட்டுவிடும். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்க வேண்டும் என்றால் 'மூலநிதியாக' என்ற சொல்லை உயிலிலேயே எழுதுங்கள்.

வீட்டு விஷயத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. அது கணவர் பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கு உள்ளது மூன்றில் ஒரு பங்குதான் (மாமியார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் நான்கில் ஒன்று). பிள்ளைகள் வாயால் சொல்லும் சம்மதம் செல்லாது, தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிய வேண்டும். முழுக்க உங்களுடையதே என்றாலும், சின்னக் கலைக்குழுவுக்கு வரி, பராமரிப்பு, வாடகைக்காரர் தொல்லை எல்லாம் சுமை. வீட்டை விற்றுப் பணத்தைச் சேர்க்கும்படி உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளருக்கு அதிகாரம் கொடுங்கள், மகளையே பொறுப்பாளராகப் போடலாம்.

வரிச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். இந்தியாவில் இறந்தவர் சொத்துக்குப் போடும் எஸ்டேட் வரியே 1985-ல் போய்விட்டது, உயில் கொடையால் மிச்சமாக எதுவும் இல்லை. பழைய வரி முறையில் இருந்து, அந்த அறக்கட்டளைக்கு நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் அங்கீகாரமும் (1961 சட்டத்தில் 80ஜி) இருந்தால், இப்போதே வருடம் கொஞ்சம் காசோலையாகக் கொடுக்கலாம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் கழிவு கிடைக்காது.

இதே எண்ணமுள்ள முஸ்லிம் வாசகர்கள் கவனிக்க: வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். மனம் மாறினால் பதிந்த உயிலையும் ரத்து செய்து வேறு எழுதலாம். பிள்ளைகளிடம் ஒரு நகல் இருக்கட்டும். அறக்கட்டளைக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், தொகையைச் சொல்ல வேண்டாம்.