நைரோபிக்கு ஐந்து நாள் அலுவலகப் பயணம்: வேலைக்கு நடுவே காட்டு விலங்குகளைப் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். திங்கள் முதல் வெள்ளி வரை கூட்டங்கள், சனிக்கிழமை இரவு விமானம், அந்த ஒரு பகலில் கென்யாவின் புகழ்பெற்ற வனவிலங்குக் காப்பகமான மசாய் மாரா போய்வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாராவை இந்த முறை விட்டுவிடுங்கள். சாலை வழியாகப் போக மட்டுமே ஐந்தாறு மணி நேரம் ஆகும். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம் என்றாலும், அங்கே இரண்டு இரவாவது தங்காமல் திரும்புவது வீண் அலைச்சல். அந்த நேரத்தை நகரத்தை ஒட்டியே இருக்கும் நைரோபி தேசியப் பூங்காவுக்குக் கொடுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். நைரோபி நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் காலை ஆறரை மணி வாக்கில் விடியும், மாலை ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். அதனால் ஆபீஸ் முடிந்து மாலையில் எதையாவது பார்க்கலாம் என்ற திட்டம் இங்கே தேறாது. உங்களுக்குக் கிடைப்பது காலைகள்தான். விலங்குகளைப் பார்க்கவும் அதுதான் நல்ல நேரம்.

பூங்கா 1946-இல் தொடங்கப்பட்டது, கென்யாவின் முதல் தேசியப் பூங்கா. பரப்பு 117 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் சிங்கம், சிறுத்தை, காட்டெருமை, கறுப்புக் காண்டாமிருகம் எல்லாம் இதற்குள் சுதந்திரமாகத் திரிகின்றன. காட்டு யானை மட்டும் இல்லை. வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும். அப்போதே வண்டி அங்கே நிற்க வேண்டும். புல்வெளி மீது மூடுபனி விலகும்போது வரிக்குதிரைகள் தெரியும், அவற்றுக்குப் பின்னால் நகரத்தின் உயரமான கட்டடங்கள் தெரியும். இந்தக் காட்சியைப் புகைப்படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும் நேரில் பார்க்கும்போது மனம் அப்படியே நின்றுவிடுகிறது. பூங்காவின் குறுக்கே உயரமான தூண்கள் மீது ரயில் பாதை போகிறது. மேலே ரயில் ஓட, கீழே ஒட்டகச்சிவிங்கிகள் இலை மேய்ந்துகொண்டிருக்கும்.

டிரைவரிடம் ஏறியவுடனேயே ஒன்று சொல்லிவிடுங்கள்: "எனக்குச் சிங்கம் பார்த்தே ஆக வேண்டும் என்றில்லை, மெதுவாகப் போங்கள்." வருகிறவர்கள் எல்லாரும் சிங்கம் கேட்பதால்தான் ஓட்டுநர்கள் வயர்லெஸ்ஸில் சேதி கேட்டு ஒரே இடத்துக்குப் பறக்கிறார்கள், சில சமயம் தடத்தை விட்டுப் புல்லுக்குள்ளும் இறக்குகிறார்கள். அது விலங்குக்கும் தொல்லை, மண்ணுக்கும் கேடு. மெதுவாகப் போனால் தலையில் பொன்னிறக் கொண்டை வைத்த கொக்கு, பாம்பைத் தேடி நீள நடக்கும் செயலர்ப் பறவை, தீக்கோழி, நீர்யானைகள் கிடக்கும் குட்டை எல்லாம் நின்று பார்க்கலாம். சிங்கம் தற்செயலாக எதிர்ப்பட்டால் அந்த மகிழ்ச்சியே தனி.

பூங்காவின் மூன்று பக்கமும் வேலி. தெற்கே ஆற்றைத் தாண்டி மட்டும் திறந்திருக்கிறது. மழைக்கு ஏற்ப மந்தைகள் அந்த வழியாகத்தான் கிட்டெங்கெலா சமவெளிக்குப் போய்வருகின்றன. அந்தப் பக்கமும் இப்போது வீடுகளும் வேலிகளும் நெருங்கி வருகின்றன. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அங்கே நிற்கும் ஒவ்வொரு வரிக்குதிரையும் வேறு மாதிரி தெரியும்.

உள்ளேயே தந்தம் எரித்த இடம் இருக்கிறது, அவசியம் இறங்கிப் பாருங்கள். தந்த வணிகத்துக்கு எதிர்ப்பைக் காட்ட 1989-இல் அப்போதைய கென்ய அதிபர் டேனியல் அராப் மோய் 12 டன் தந்தத்துக்கு இங்கே தீ வைத்தார். 2016-இல் மறுபடியும் 105 டன் எரிக்கப்பட்டது. அந்தச் சாம்பல் மேடுகளின் முன்னால் நிற்கும்போது எத்தனை யானைகள் என்று மனம் கணக்குப் போடுவதைத் தடுக்க முடியாது.

பூங்காவிலிருந்து அப்படியே ஷெல்ட்ரிக் அறக்கட்டளையின் யானைக்குட்டிக் காப்பகத்துக்குப் போகலாம். தாயை இழந்த குட்டிகளைப் பாலூட்டி வளர்த்து, பிறகு சாவோ காட்டுக்கு அனுப்புகிறார்கள். பார்வை நேரம் பகல் 11 முதல் 12 வரை மட்டுமே, முன்பதிவு கட்டாயம். குட்டிகளோடு பராமரிப்பாளர்கள் இரவில் அதே கொட்டடியில் படுத்துக்கொள்கிறார்கள் என்பது என்னை மிகவும் நெகிழ வைத்த விஷயம். அதற்கு மேல் நேரமிருந்தால் நகரின் லாங்காட்டா பகுதியில் ஒட்டகச்சிவிங்கி மையம். கையாலேயே தீனி கொடுக்கலாம். குழந்தைகள் உடன் வந்தால் முதலிடம் கொடுப்பேன், தனியாக என்றால் விட்டாலும் பரவாயில்லை.

வேலை நாட்களில் ஒரு காலை கிடைத்தால் நகரத்துக்குள்ளேயே இருக்கும் கரூரா காட்டுக்குப் போகலாம். உங்கள் ஆபீஸ் நகரின் கிகிரி பகுதிப் பக்கம் என்றால் மிக அருகில். சுமார் ஆயிரம் ஹெக்டேர் காடு. இதைக் கட்டடங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்க நடந்த முயற்சியை எதிர்த்து கென்யச் சூழலியல் போராளி வங்காரி மாத்தாய் 1999-இல் மரக்கன்றுகளோடு போய் நின்று அடி வாங்கினார். 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர்தான். இன்று அதே காட்டில் கறுப்பு வெள்ளைக் கொலோபஸ் குரங்குகள் தாவுகின்றன, மக்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

சனிக்கிழமை முழுவதையும் நகரத்துக்கு வெளியே செலவிட விரும்பினால் சுமார் 90 கிலோமீட்டரில் நைவாஷா ஏரி இருக்கிறது. பக்கத்திலேயே ஹெல்ஸ் கேட் பூங்காவில் வரிக்குதிரைகளுக்கு நடுவே சைக்கிளில் போகலாம். ஆனால் இரவு விமானம் என்பதால் திரும்பும் வழி நெரிசலைக் கணக்கில் வையுங்கள். எனக்கென்றால் சனிக்கிழமை பூங்காவும் யானைக்குட்டிகளும்தான். விமான நிலையமும் அதிகத் தொலைவில்லை, பெட்டியை வண்டியிலேயே வைத்துக்கொள்ளலாம்.

சில நடைமுறை விஷயங்கள். பூங்காக் கட்டணம் ஆன்லைனில்தான், வாசலில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். முந்தின இரவே கட்டிவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குப் பூங்காக்களில் 2020 முதல் தடை, அதனால் எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். ஊர் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காலையில் ஸ்வெட்டர் வேண்டும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நன்றாகவே குளிரும். அப்புறம், கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும், ஆகவே டிக்கெட் உறுதியான அன்றே அதற்கு நேரம் வாங்கிவிடுங்கள்.