அம்மாவை எழ விடுங்கள்

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூரில், பொங்கோலில் வசிக்கிறேன். மென்பொருள் வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். ஜிம்முக்குப் பணம் கட்டி, இரண்டே மாதத்தில் போவதை நிறுத்திவிட்டேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக டாக்டர் எச்சரிக்கிறார். ஜிம் இல்லாமல் அன்றாட வாழ்க்கையிலேயே உடம்பை அசைக்க வழி உண்டா? தினமும் பத்தாயிரம் காலடி கட்டாயமா? அதை எண்ண எந்தக் கைக்கடிகாரம் வாங்கலாம்? பணிப்பெண் இருப்பதால் வீட்டிலும் எனக்கு வேலை இல்லை. எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 71 வயது. ஒரு துரும்பைக்கூட நகர்த்தவிடாமல் அவரை ராணிபோல வைத்திருக்கிறோம்.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

கடிகாரம் எதுவானாலும் சரி. பத்தாயிரம் என்பது 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண். அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடமாவது லேசாக மூச்சு வாங்கும்படி உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தொடர்ந்து பத்து நிமிடம் நடந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் 2020இல் எடுத்துவிட்டார்கள். எம்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டும் சேரும், வீடு துடைப்பதும் சேரும். சாப்பிட்டதும் சோபாவில் சாயாமல் உங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி வாருங்கள், சர்க்கரைக்கு நல்லது. உங்கள் தட்டைக் கழுவவும் வேறு நாட்டிலிருந்து ஒரு பெண் வர வேண்டுமா என்பதை நீங்களே யோசியுங்கள்.

என்னை உறுத்தியது உங்கள் கடைசி வரி. கொஞ்ச நாளாகவே இது என் மனத்தில் ஓடுகிறது. எங்கள் புளோக்கின் கீழே மாலையில் பார்க்கிறேன். நன்றாக நடக்கக்கூடிய பாட்டிமாரையும், விழுந்துவிடுவார்கள் என்று பயந்து சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். பிள்ளைகளுக்குப் பாசம்தான். அந்தப் பாசம்தான் காலைப் பிடுங்குகிறது.

பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நாங்கள் ஏழாம் மாடி. மின்தூக்கி ஒன்று, ஐந்து, ஒன்பதில் மட்டும் நிற்கும். அம்மா தேக்கா சந்தையிலிருந்து இரண்டு கையிலும் பையோடு வருவார். ஐந்தில் இறங்கி ஏறமாட்டார். ஒன்பதுக்குப் போய் இரண்டு மாடி இறங்கி வருவார். வழியில் எட்டாம் மாடி மலாய்க்கார மக்சிக்கு, அதாவது அந்த வீட்டு அம்மாவுக்கு, கறிவேப்பிலையைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருவார். பின்னாளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்கத் தொடங்கியது. முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகும் அம்மா ஒன்பதில்தான் இறங்கினார். 83 வயதில், இறப்பதற்கு முந்தின வாரம்வரை தன் சேலையைத் தானே துவைத்து மூங்கில் கழியில் காயப்போட்டார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் அடித்திருப்பார்.

2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துபோனது. பத்தே நாள், செந்தில்! நீங்கள் எத்தனை வருடமாக உங்கள் அம்மாவை உட்காரவைத்திருக்கிறீர்கள்? 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடம்பின் சமநிலைக்கும் வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று அதே உலகச் சுகாதார நிறுவனம்தான் சொல்கிறது. விழக்கூடாது என்று உட்காரவைத்தால் தொடை வலுவிழக்கும். தொடை வலுவிழந்தால், கழிவறைக்குப் போக எழும்போது விழுவார். எந்த விபத்துக்குப் பயந்தீர்களோ அதை நீங்களே வளர்க்கிறீர்கள்.

ராணி என்று எழுதியிருக்கிறீர்கள். அவரைக் கேட்டீர்களா? வாழ்நாளெல்லாம் ஒரு வீட்டைத் தாங்கிய பெண்ணிடமிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் விட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு நல்ல மனசு, எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

மூட்டுவலி, தலைசுற்றல் இருந்தால் முதலில் பலதுறை மருந்தகத்தில் டாக்டரிடம் காட்டுங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். வழுக்காத செருப்பு வாங்கிக் கொடுங்கள். பிறகு சனிக்கிழமை காலையில் அவரைச் சந்தைக்கு அழைத்துப் போங்கள். மீனை அவரே பொறுக்கட்டும், விலையை அவரே பேசட்டும். அவசரப்படுத்தாமல் அவர் வேகத்துக்கு நடங்கள். கனமான பையை நீங்கள் தூக்குங்கள், கீரைக்கட்டு அவர் கையில் இருக்கட்டும். பணிப்பெண்ணிடமும் சொல்லிவையுங்கள்: பாட்டி சமையலறைக்கு வந்தால் நாற்காலியைக் காட்ட வேண்டாம், கத்தியையும் வெங்காயத்தையும் கொடுக்கட்டும்.